மெஹபூப் அலியின் நாலு மணிக் கையெழுத்து

1999 நவம்பர். மழை விட்டும் விடாமலும் பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு பகலில், மூன்று மணி சுமாருக்கு சங்கரன் தணிக்கைக்கு வந்து சேர்ந்தார். அடையாறில் ஒரு பழைய பங்களாவில் இயங்கிய பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் அது. சான்றிதழ்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதிகாரி மெஹபூப் அலியின் கையெழுத்தையும் படமாக உள்ளே ஏற்றியிருந்தார்கள். பாஸ்வேர்டு போட்டால் கையெழுத்து விழும். அந்தப் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் சங்கரனின் வேலை.

தேடவே வேண்டியிருக்கவில்லை. மானிட்டர் நெற்றியிலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. நம் ஆட்களாயிற்றே!

"மெஹபூப் அலி சார் கம்ப்யூட்டரையே தொட மாட்டாரு சார். அவருக்குப் பதிலா நாங்கதான் போட்டுக்கினு இருந்தோம்" என்றாள் ஆபரேட்டர் முத்துலட்சுமி.

"அவர் எங்கே?"

"பிப்ரவரியில தவறிட்டாரு சார்."

சங்கரன் நேற்றைய சான்றிதழ்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் மெஹபூப் அலியின் கையெழுத்து.

"செத்தவர் பாஸ்வேர்டை ஒன்பது மாசமா போட்டுண்டு இருக்கேளா?"

முத்துலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "நாங்க போடல சார். டைப் பண்ணி வச்சிடுவோம், அவ்ளோதான். நாலு மணிக்கு கையெழுத்து அதுவே விழுது. தப்பு இருந்தா திரும்பி வருது, திருத்தமும் அதுலயே கீது. இதுவரைக்கும் ஒண்ணுகூட பொய்யா போனதில்ல."

சங்கரனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மூன்று வருடமாகவே அப்படித்தான். பெசன்ட் நகர் கடலில் குளிக்கப் போன மகன் ஸ்ரீநாத் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 'என் பிள்ளை வருவான்' என்று மனைவி ஜானு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவருக்கோ ஒரு முடிவு தெரிந்தால் போதும். எந்த முடிவானாலும் சரி.

மெஹபூப் அலியின் பெயரைத் தன் கையாலேயே கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினார். நீங்கிவிட்டதா என்று சோதிக்க ஒரு பொய்யான இறப்புப் படிவம் நிரப்ப வேண்டும். எந்தத் தணிக்கையிலும் செய்வதுதான். வாயில் வந்த பெயரைப் போடலாம்.

விரல்கள் ஸ்ரீநாத் என்று அடித்தன. தேதி, மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை. இடம், கடல்.

மணி நாலு அடித்தது.

எங்கிருந்தோ ஏலக்காய் வாசனை.

"மெஹபூப் அலி சார் எந்நேரமும் ஏலக்கா மென்னுக்கினே இருப்பாரு" என்று முணுமுணுத்த முத்துலட்சுமி, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

படிவம் திரும்பி வந்தது.

*இறந்த தேதி தவறு. இன்று, மாலை 4.20. இடம்: வீடு.*

மேஜை மேலிருந்த போன் அடித்தது.

"ஏன்னா!" ஜானு அழுதுகொண்டே சிரித்தாள். "நம்ம ஸ்ரீநாத் வந்துட்டான்னா! வாசல்ல நிக்கறான், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். துடைச்சு விட்டேன். களைப்பா இருக்கும்மான்னு உள்ளே போய்ப் படுத்துண்டுட்டான். சீக்கிரம் ஆத்துக்கு வாங்கோ!"

மயிலாப்பூர் வீட்டுக்கு ஆட்டோவில் போனாலும் இந்த மழையில் அரை மணி ஆகும். இப்போது மணி நாலு ஐந்து. அழ வேண்டும் போலிருந்தது. அழுகை வரவில்லை.

"ஜானு, அவனைத் தூங்க விடாதே. எழுப்பு."

"பாவம்னா. இப்பத்தான் கண்ணை மூடினான்."

திரையில், திருத்திய படிவத்தின் அடியில், மெஹபூப் அலியின் கையெழுத்து, முதல் எழுத்திலிருந்து, நிதானமாக விழத் தொடங்கியது.