மிலன் செருப்பு எங்கே?

"ஆ... ஆ... ஆஆஆ!"

அந்த அலறல் ப்ராக் நகரத்தின் அந்தப் பழைய கட்டடத்தையே கிடுகிடுக்க வைத்திருக்க வேண்டும்.

வைக்கவில்லை!

கீழ் வீட்டு அம்மாள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. மேலே பார்த்து முணுமுணுத்தாள்.

"ப்ளாங்கா ஒத்திகை பாக்கறா. பாவம்... இத்தனை வருஷமாச்சு, இன்னும் ஒழுங்கா அலற வரலை."

ஆனால் இரண்டாவது மாடியில், கூடத்துக் கம்பளத்தின் மேல், க்வீடோ குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஒரு கனமான கண்ணாடிக் கோப்பை.

'நாட்டின் மிக அழகிய கால்கள்' என்று பொறித்த பரிசுக் கோப்பை!

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி முகமெல்லாம் பச்சைக் களிம்போடு, ஈரத் தலையோடு, போலீஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

ப்ளாங்கா.

ஒரு காலத்தில் இந்த ஊர் டிராம்களில் எல்லாம் சிரித்தபடி சோப்பு விற்ற மாடல். பதினாறு வயதில் சாசேஜ் கடை வாசலில் கடுகு ஒழுக ஒழுகத் தின்றுகொண்டிருந்தவளை க்வீடோ பார்த்தான். உயரத்தைப் பார்த்தான். மேனேஜர் ஆனான். மிலனுக்கு அனுப்பினான், பாரிஸுக்கு அனுப்பினான். வயது ஏறியதும் சினிமாவுக்கு அனுப்பினான்.

சினிமாவில் அவளுக்கு எப்போதும் ஒரே வேஷம்தான்.

பிணம்!

வசனம் கொடுத்தால் படம் செத்துவிடும். அதனால் டைரக்டர்கள் முந்திக்கொண்டு அவளைச் சாகடித்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாளை காலை ஷூட்டிங். டி.வி. சீரியலில் கதாநாயகி. உயிரோடு! வசனத்தோடு! இந்த ஒரு நாளுக்காக அவள் எத்தனை படங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் தெரியுமா?

இப்போது பார்த்து, கூடத்தில் நிஜப் பிணம்.

வெளியே காலையில் பிடித்த மழை. சகதி சொட்டச் சொட்ட வந்து நின்றார் கேப்டன் ஹனுஷ். கூடவே அசிஸ்டென்ட் யித்கா, இரண்டு போலீஸ்காரர்கள்.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க..." விசும்பலுக்கு நடுவில் சொன்னாள் ப்ளாங்கா. "வீட்டுக்குள்ள போட்டுக்கச் செருப்பு அலமாரியில இருக்கு."

சட்டப்படி ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். மாட்டிப் பாருங்களேன்! கொலை நடந்த வீடாக இருந்தால் என்ன... தாய் வளர்த்த எந்தப் பிள்ளையாவது இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் ஷூவோடு நுழைவானா?

நான்கு பேரும் கழற்றினார்கள். வாசலில் ஏற்கெனவே கிடந்த ஷூக்களோடு இவர்களுடையதும் சேர்ந்து குவிந்தது.

கேப்டன் கையில் கிடைத்த செருப்பில் 'டோக்கியோ' என்று எழுதியிருந்தது. யித்காவுக்குப் பாரிஸ்.

"மேடம்... இதெல்லாம் ஓட்டல் செருப்பு மாதிரி இருக்கே?" என்றாள் யித்கா.

"ஞாபகத்துக்காக... போன இடத்துல எல்லாம் ஒரு ஜோடி..." களிம்பையும் மீறி ப்ளாங்காவின் முகம் சிவந்தது.

சுட்டுக்கொண்டு வந்தவை! இருபது வருஷ மாடலிங் வாழ்க்கையில் மிச்சம் அவ்வளவுதான்.

"சரி, என்ன நடந்தது?" கேப்டன் பாதி குதிகால் வெளியே தொங்க நின்றார். மத்தியானம் சாப்பிட வேண்டிய குலாஷ் ஆறிக்கொண்டிருக்கும் எரிச்சல் அவருக்கு.

"நான் குளியலறையில இருந்தேன். தொம்முனு சத்தம். தண்ணியை நிறுத்திட்டு வந்தேன்... க்வீடோ கிடந்தாரு. கதவு திறந்து கிடந்துச்சு. ஐயோ... க்வீடோ! என் தெய்வமே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கை நெஞ்சில் பட ஒரு வினாடி தாமதம்.

கேப்டன் யித்காவின் காதில் குனிந்தார்.

"இதைப் பார்த்து உனக்கு அழுகை வருதா?"

"கொட்டாவி வருது சார். கோப்பையில இவங்க கைரேகை மட்டும்தான் இருக்கு."

"அதை நான் தினமும் துடைப்பேங்க!" ப்ளாங்கா பதறினாள்.

அப்போதுதான் வாசலில் கேட்டது அந்தக் குரல். தியேட்டரின் கடைசி வரிசை வரை எட்டும் குரல்.

"க்வீடோ! என் கண்ணே! போயிட்டியா?"

ஸ்திபோர்!

நாடே கையெடுத்துக் கும்பிடும் பெரிய நடிகர். அதே சீரியலில் பல வருஷமாகத் தலைமை டாக்டர். மேல் மாடியில்தான் குடியிருக்கிறார். அவருக்கும் க்வீடோதான் மேனேஜர். வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடி வந்தவர் பிணத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். ஒரே ஒரு துளிக் கண்ணீர். சரியாகக் கன்னத்தின் நடுவில் நின்றது.

போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யித்கா மூக்கை உறிஞ்சினாள்.

"காலையிலேர்ந்து வீட்டை விட்டே இறங்கலை கேப்டன்," என்றார் ஸ்திபோர் கரகரப்பாக. "வசனம் படிச்சுட்டிருந்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பேனே!"

பிறகு ப்ளாங்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இவளைச் சந்தேகப்படாதீங்க. ஆனா ஒண்ணு... இவளுக்கு நடிக்க வராது. அழறதைப் பாருங்க. உள்ளே துக்கம் இருந்தா இப்படியா வரும்?"

அது போதாதா?

"ப்ளாங்கா மேடம், கிளம்புங்க."

"கேப்டன்... நான் இல்லைங்க! நாளைக்கு ஷூட்டிங்! எனக்கு வசனம் இருக்குங்க!" அவள் குரல் உடைந்தது. "இதை விட்டா என்னை யாரு கூப்பிடுவா? சத்தியமா நான் இல்லை!"

"ஜட்ஜ்கிட்ட வசனம் பேசலாம். வாங்க."

விலங்கு மாட்டினார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். செருப்பை அலமாரியில் வைத்துவிட்டு அவரவர் ஷூவைத் தேடினார்கள். க்வீடோவின் முதலைத்தோல் ஷூ ஓரமாகக் கிடந்தது. அது போக...

ஒரு ஜோடி மிச்சம்!

கறுப்பு ஷூ. அடியில் ஈரச் சகதி.

"இது யாரோடது?" என்றார் கேப்டன்.

போலீஸ்காரர்கள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆண்பிள்ளை ஷூ... என்னோடது இல்லை," என்றாள் ப்ளாங்கா. அவள் கண் அலமாரியில் ஓடியது. டோக்கியோ... பாரிஸ்... வியன்னா... திடீரென்று அழுகையை மறந்தாள்.

"மிலன் எங்கே?"

"என்னது?"

"மிலன் செருப்பு! தங்க நூல்ல கிரீடம் போட்டது. நான் முதல்முதலா எடுத்தது கேப்டன்! காலையில நானே அடுக்கினேன். இப்ப காணோம்!"

கேப்டன் மெல்லத் திரும்பினார்.

வாசல் நிலையில் சாய்ந்து, துக்கமே உருவாக நின்றுகொண்டிருந்தார் ஸ்திபோர். எல்லோரும் போனபிறகு போகலாம் என்று காத்திருந்தார் போல.

அவர் கால்களில்... கிரீடம்! தங்க நூல்!

"ஐயா," கேப்டனின் குரலில் தேன் ஒழுகியது. "காலையிலேர்ந்து வீட்டை விட்டு இறங்கலைன்னீங்க. உங்க ஷூ மட்டும் மழையில உலாத்திட்டு வந்துச்சோ? கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

கச்சிதமாகப் பொருந்தியது.

"கையுறையைக் கழட்டாம வந்து அடிச்சிருக்கீங்க, ரேகை இல்லை. அவ்வளவு யோசிச்சவர் ஷூவை ஏன் கழட்டினீங்க?"

"பழக்கம்..." ஸ்திபோரின் குரல் முதல்முறையாகக் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. "மழையில வந்திருந்தேன். கம்பளம் அழுக்காகுமே! திடீர்னு குளியலறையில தண்ணிச் சத்தம் நின்னுச்சு... ஓடிட்டேன். செருப்பை வச்சுட்டு ஷூவை எடுக்கத்தான் திரும்பி வந்தேன்."

"எதுக்காக ஐயா கொலை?"

ஸ்திபோர் வெடித்தார்.

"சீரியல் ஆபீஸ்ல இன்னிக்குத்தான் சொன்னாங்க! டாக்டர் செத்துடறாராம். ஆஸ்பத்திரியை இனிமே பொண்டாட்டி நடத்துவாளாம். பொண்டாட்டி யாரு? இவ! எல்லாம் க்வீடோ பண்ண ஏற்பாடு. நாளைக்கு நான் பிணமாப் படுக்கணும்... இவ என் மேல விழுந்து வசனம் பேசணும்! மனுஷன் தாங்குவானா?"

யித்கா மட்டும் நியாயம்தான் என்பது போல லேசாகத் தலையாட்டினாள்.

விலங்கு கை மாறியது.

கேப்டன் ப்ளாங்காவின் முன்னால் தலை குனிந்தார்.

"மன்னிச்சுடுங்க மேடம். உங்க கண்ணீரை நடிப்புன்னு நெனச்சுட்டேன்."

ப்ளாங்கா முகத்துக் களிம்பைத் துடைத்தாள். பெருமூச்சு விட்டாள்.

"நடிப்புதான் கேப்டன். என் சம்பளத்துல பாதியை வாழ்க்கை பூரா தின்னவன்... அவன் செத்ததுக்கு நான் ஏன் அழணும்? போலீஸ் வருதே, அழலைன்னா தப்பா நெனப்பீங்களேன்னு பயந்துதான் முயற்சி பண்ணேன்."

படியில் பாதி இறங்கியிருந்த ஸ்திபோர் விலங்கோடு அப்படியே திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களிப்பு!

"நான்தான் அப்பவே சொன்னேனே கேப்டன்... இவளுக்கு நடிக்க வராதுன்னு!"