மாதிரிக் குழந்தை

ஒளிக்கூண்டுக்குள் நின்ற நான்கு வயதுச் சிறுமிக்கு ஒரு மஞ்சள் சட்டையை அணிவித்தார்கள். அவள் உடனே காலரை இழுத்து வாயில் வைத்துச் சப்பினாள். ஓடி விளையாடி வியர்த்தாள். வியர்வையோடு தூங்கினாள். பொத்தானைக் கடித்தாள். ஓர் ஆண்டு முழுவதும் ஒரு குழந்தை ஒரு சட்டைக்குள் என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும், தீர்ப்பாயக் கூடத்தில் இருந்தவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் நடந்து முடிந்தது. கூண்டின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

"தீங்கு எதுவும் இல்லை" என்றது இயந்திரக் குரல்.

வழக்கறிஞர் தாட்சாயணி திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். அங்கே ரிஸ்வானாவின் மடியில் அஃப்ரா படுத்திருந்தாள். மூன்று வயதுக் குழந்தை. குட்டிமேகம் நிறுவனத்தின் இதே சட்டையைப் போட்டு வளர்ந்தவள். தலையில் பாதி முடி இல்லை. கழுத்தைச் சுற்றிக் காலர் படுகிற இடமெல்லாம் தீய்ந்ததுபோல் கறுத்திருந்தது. தைராய்டு சுரப்பி ஏறக்குறையச் செத்துவிட்டது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அந்தப் பொம்மைக்கு ஒண்ணுமே ஆகலீங்களா அக்கா?" என்றாள் ரிஸ்வானா.

தாட்சாயணி மறுபடி கூண்டைப் பார்த்தாள். கூண்டுக்குள் இருந்தது வெறும் பொம்மையாக இருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அது அவள் பெற்ற மகள் பூவிழி. நான்கு வயதில் இருந்த பூவிழி.

அந்தக் காலத்தில் சட்டம் பெயர் சொல்லித்தான் நஞ்சைத் தடுத்தது. இன்ன ஈயம், இன்ன சாயம், இன்ன நெகிழி குழந்தைகளின் துணியிலும் வளையலிலும் கூடாது என்று பட்டியல் போடும். நிறுவனங்களிடம் மூலக்கூறுச் சிற்பி என்ற இயந்திரம் இருந்தது. ஒன்றைத் தடை செய்தால், அதில் ஓர் அணுவை நகர்த்தி அதன் தம்பியைச் செய்து கொடுக்கும். தம்பியின் பெயர் பட்டியலில் ஏறுவதற்குள் தங்கை கடைக்கு வந்துவிடுவாள். பெயரைத் துரத்தித் துரத்திச் சட்டம் களைத்துப் போயிருந்த நேரத்தில்தான் தாட்சாயணி நீதிமன்றத்தில் எழுந்து நின்று கத்தினாள். "பெயரைக் கேட்காதீர்கள். அது குழந்தையின் உடம்பில் என்ன செய்கிறது என்று கேளுங்கள்!"

சரி, ஆனால் எந்தக் குழந்தையின் உடம்பில் போட்டுப் பார்ப்பது? உயிருள்ள பிள்ளைக்கு நஞ்சை உடுத்திச் சோதிக்க முடியுமா? அதற்காகப் பிறந்ததுதான் மாதிரிக் குழந்தை. ஒரு நிஜக் குழந்தையின் தோல், எச்சில், வியர்வை, இரத்தம், மரபணு எல்லாவற்றையும் அளந்து ஒளியில் கட்டியெழுப்பிய உடம்பு. ஆயிரம் குழந்தைகளை அளக்க வேண்டும் என்று தாட்சாயணி கேட்டாள். அரசு ஒன்றுக்குத்தான் ஒப்புக்கொண்டது. அந்த ஒன்றுக்கும் பிள்ளையைத் தர யாரும் முன்வராதபோது, அவள் பூவிழியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

நாடே அவளைக் கொண்டாடியது. மாதிரிக் குழந்தையின் சோதனையில் தேறியதற்கான பச்சை முத்திரை இல்லாத குழந்தை உடுப்பு எங்கும் விற்கக் கூடாது என்று ஆனது. பெற்றோர்கள் துணியை முகர்ந்து பார்ப்பதை விட்டார்கள். முத்திரையை மட்டும் பார்த்தார்கள்.

இப்போது அந்த முத்திரை அஃப்ராவின் சட்டையிலும் இருந்தது.

சாட்சிக் கூண்டில் குட்டிமேகம் நிறுவனத்தின் வேதியியலாளர் பிரணவ் நின்றிருந்தான். நல்ல பையன்போலத்தான் இருந்தான்.

"இந்தச் சட்டையில் பூசியிருக்கும் மென்மையாக்கியைக் கண்டுபிடித்தது யார்?" என்றாள் தாட்சாயணி.

"யாரும் இல்லைங்க மேடம். எங்க மூலக்கூறுச் சிற்பி."

"அதற்கு நீங்கள் கொடுத்த கட்டளை?"

"துணி பஞ்சு மாதிரி இருக்கணும். கசங்கக் கூடாது. விலை குறைவா இருக்கணும். மாதிரிக் குழந்தைக்குத் தீங்கு வரக் கூடாது."

"குழந்தைகளுக்கா, மாதிரிக் குழந்தைக்கா?"

அவன் குழம்பிப் போய் அவளைப் பார்த்தான். "மாதிரிக் குழந்தைக்குத்தான். சட்டத்துல அப்படித்தானே இருக்கு?"

"இந்தப் பொருள் உள்ளே போனதும் அவள் உடம்பு அதை என்ன செய்கிறது? காட்டுங்கள்."

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, காட்டச் சொன்னார். ஒளிக்கூண்டுக்குள் சிறுமியின் தோல் மறைந்து கல்லீரல் தெரிந்தது. மென்மையாக்கியின் துகள்கள் செம்புள்ளிகளாக வந்து சேர்ந்தன. கல்லீரலில் ஏதோ ஒன்று அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டது. சிவப்பு மங்கி, தண்ணீர் நிறமானது.

"அது ஒரு நொதி மேடம்" என்றான் பிரணவ். "இந்த வகைப் பொருளையெல்லாம் உடைச்சுடும். சிற்பி தானாவே தேடிக் கண்டுபிடிச்சிருக்கு. இது ரொம்ப அபூர்வம். லட்சத்துல ஒருத்தருக்கு இருக்கலாம்."

தாட்சாயணி சாட்சிக் கூண்டை நெருங்கினாள்.

"அந்த நொதி இல்லாத பிள்ளைகளுக்கு?"

"அதைச் சோதிக்கச் சொல்லி யாரும் கேக்கலையே மேடம்."

தாட்சாயணிக்கு இப்போது புரிந்தது. நாட்டில் விற்கும் ஒவ்வொரு சட்டையும், ஒவ்வொரு காலுறையும், தலையில் குத்தும் ஒவ்வொரு பட்டாம்பூச்சிக் கிளிப்பும் தன் மகளின் கல்லீரலுக்கு அளவெடுத்துத் தைத்தவை. அவள் ஒருத்திக்கு மட்டும் அவை ஆடை. மற்றவர்களுக்கு மெல்ல வேலை செய்யும் நஞ்சு.

"இது கொலை!" என்று மேசையை அறைந்தாள். "தெரிந்தே செய்கிற கொலை!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவரும் ஒரு பெண்தான். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் படித்தது வேறு. "'மாதிரிக் குழந்தைக்குத் தீங்கு செய்யாத எந்த உடுப்பும் பாதுகாப்பானது எனக் கொள்ளப்படும்.' இந்த வாசகத்தை வரைந்து கொடுத்தவர் நீங்கள்தானே, வழக்கறிஞரே? சட்டத்தை அவர்கள் மீறவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

அன்று மாலை வீட்டில் பூவிழி அம்மா சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். பதினெட்டு முடிந்து கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தட்டில் இருந்த தோசை ஆறிப் போயிற்று.

"அப்போ ஊர்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் விஷம். எனக்கு மட்டும் தண்ணி. அப்படித்தானேம்மா?"

"நான் நினைச்சது வேற, பூவி."

"நீ நினைச்சது இருக்கட்டும். அந்த உடம்பு யாரோடது? என்னோடதுதானே? எனக்குத் திருப்பி வேணும்."

தாட்சாயணி நிமிர்ந்து பார்த்தாள். அளவுகளைத் தந்த குழந்தை பதினெட்டு வயது நிறைந்ததும் அவற்றைத் திரும்பப் பெறலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. மகளுக்காக அவளே போராடிச் சேர்த்த வரி.

மறுநாள் பூவிழி தீர்ப்பாயத்துக்குப் போய் மனுக் கொடுத்தாள். "என் தோலையும் கல்லீரலையும் வெச்சு ஒருத்தரும் இனி வியாபாரம் பண்ண வேண்டாம்" என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே சொன்னாள். மறுக்க வழியில்லை. ஒளிக்கூண்டில் நின்ற சிறுமி காலரைச் சப்பிக்கொண்டே கலைந்து போனாள்.

மாதிரி இல்லையென்றால் சோதனை இல்லை. சோதனை இல்லையென்றால் முத்திரை இல்லை. நாடெங்கும் குழந்தை உடுப்புக் கடைகள் மூடப்பட்டன. பச்சை முத்திரைச் சட்டைகளைத் தெருவில் குவித்துப் போட்டு மிதித்தார்கள். பெற்றோர்கள் தங்கள் பழைய வேட்டியையும் சேலையையும் வெட்டிப் பிள்ளைகளுக்குத் தைத்தார்கள். தாட்சாயணி தூக்கம் மறந்து புதிய மனு ஒன்றை எழுதினாள். இம்முறை ஆயிரம் குழந்தைகள், ஆயிரம் விதமான உடம்புகள்.

நிறுவனங்கள் சேர்ந்து வந்து எதிர்த்தன. ஆயிரம் கல்லீரலுக்கும் ஒத்துப்போகும் துணி உலகத்தில் கிடையாது, இப்படியே போனால் ஆலைகள் மூடும், குழந்தைகள் அம்மணமாகத் திரிவார்கள் என்றன. நீதிபதி மீண்டும் சட்டத்தைத் திறந்தார். அதில் 'ஒரு குழந்தை' என்றுதான் இருந்தது. புதிய மாதிரிக் குழந்தை ஒன்றைத் தேர்ந்தெடுக்க உத்தரவிட்டார். விருப்பமுள்ள பெற்றோர் பிள்ளைகளோடு வரலாம் என்று அறிவிப்பு வந்தது.

யாரும் போகமாட்டார்கள் என்று தாட்சாயணி உறுதியாக நம்பினாள். முதல்முறை யாரும் வரவில்லையே. இப்போது நடந்ததெல்லாம் தெரிந்த பிறகா வருவார்கள்?

தேர்வு நாளில் தீர்ப்பாயத் தெருவுக்குள் அவளுடைய வண்டி நுழைய முடியவில்லை. அவ்வளவு கூட்டம். ஒரு கணம் அவள் நெஞ்சு நிமிர்ந்தது. எதிர்ப்புக் காட்டத்தான் வந்திருக்கிறார்கள். இறங்கி வேகமாக நடந்தாள்.

கோஷம் எதுவும் கேட்கவில்லை. பதாகை ஒன்றும் இல்லை. அது ஒரு வரிசை. பெரிய கார்களில் வந்தவர்கள், ஆலைக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவர்கள், எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஊசி போடறப்போ அழக்கூடாது, என்ன? உன்னை எடுத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் நம்ம நாட்டுல எந்தத் துணியும் உன்னை ஒண்ணும் பண்ணாது."

அவனுக்கு நாலைந்து பேர் தள்ளி ரிஸ்வானா நின்றாள். தோளில் அஃப்ரா.

"ரிஸ்வானா, நீயுமா?"

"உங்களைத்தான் அக்கா தேடிட்டு இருந்தேன்." ரிஸ்வானாவின் முகம் மலர்ந்தது. "உள்ள உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்குமில்லீங்களா? நம்ம அஃப்ராவை எடுத்துக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு? இவளுக்கு ஆகாததை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் துணியில பூசுவாங்க. மத்த புள்ளைங்க என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"தெரியுமுங்க அக்கா. அன்னிக்கு அந்தக் கூடத்துல நானும்தானே உக்காந்திருந்தேன்." ரிஸ்வானாவின் குரல் உயரவில்லை. குழந்தையின் கறுத்த கழுத்தை முந்தானையால் மூடினாள். "உங்க பொண்ணு இத்தனை வருஷம் நல்லா இருந்துச்சு. இனிமேல் எம்புள்ள கொஞ்சம் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே."

 தாட்சாயணிக்குத் தன் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது. ரிஸ்வானாவும் நகர்ந்தாள். பின்னால் நின்றவன் தாட்சாயணியின் தோளைத் தட்டினான்.

"ஏம்மா, நடுவுல வந்து நிக்கறீங்க? உங்க புள்ளையக் கூட்டிட்டு வந்து கடைசியில நில்லுங்க."