ஐந்தாவது வரி

அன்று பிற்பகல் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். சன்னலோர மேசையில், மடிக்கணினிக்கு முன்னால், பதிவறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எழுத்தர். எதிரே சோபாவில், பாதி தைத்த குட்டித் தலையணை உறையோடு அவர் மனைவி. சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு, வயர்ச் சிக்கலை அவிழ்த்தபடி மனைவியின் தம்பி, வயரிங் வேலைக்காரர். மாடியில் யாரும் இல்லை. பொழுது சாய்வதற்குள் எழுத்தர் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மகள் வருகிறாள், மூன்று மாதக் குழந்தையோடு. இங்கே தங்கி அலுவலக வேலை பார்க்கப் போகிறாள். அதற்காகத்தான் கூடத்தில் ரவுட்டர், மாடி அறையில் சிக்னலை வாங்கிக் கொடுக்க இன்னொரு சின்னப் பெட்டி. தன் அனுமதி இல்லாமல் எந்தக் கருவியும் உள்ளே நுழையக் கூடாது என்று எழுத்தர் ஏற்பாடு செய்து, திரையில் ஐந்து வரி போட்டிருந்தார்: கணினி, அப்பா போன், அம்மா போன், டிவி, மகள்.

“வைஃபைக்கு வருகைப் பதிவேடு வெச்ச ஒரே ஆள் நீங்கதான் மாமா,” என்றார் மைத்துனர்.

“நீ பேசாம வேலையப் பாருடா. உன்கிட்ட பாஸ்வேர்டு சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும்,” என்றாள் அக்கா.

ஒவ்வொன்றாக அனுமதி கேட்டன, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். நான்கு முடிந்தது. மழை இருட்டு கட்டி, ஈர மண் வாசனை சன்னல் கம்பி வழியாக உள்ளே ஏறி, தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் தேய்ந்து அடங்கிய நேரத்தில், திரையில் ஐந்தாவதாக ஒன்று அனுமதி கேட்டது. பெயர் இல்லை.

“இப்ப யாரு எதை ஆன் பண்ணது?”

“நான் இல்ல மாமா. மேல இருக்கிற பெட்டியா இருக்கும்.”

அப்படித்தான் இருக்கும். தவிர, படிவத்தில் ஒரு வரி வெறுமையாகக் கிடந்தால் எழுத்தருக்கு உள்ளங்கை அரிக்கும். மகள் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கருவியை ‘மகள்’ என்ற வரியில் வைத்து, அனுமதித்தார்.

மாடியில் நாற்காலி நகர்ந்தது.

“பூனை,” என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து நிமிடத்தில் மகள் போனில் கூப்பிட்டாள்.

“என்னப்பா இது, மெசேஜ் மேல மெசேஜ்? குழந்தைய தூக்கிட்டு வா, தூக்கிட்டு வான்னு. நீங்க இப்படியெல்லாம் அனுப்ப மாட்டீங்களே.”

“நான் ஒண்ணும் அனுப்பலம்மா.” அவர் மாடிப்படியைப் பார்த்தார். ஏனென்று தெரியாமலே சொன்னார்: “நீ இப்ப வர வேண்டாம். குழந்தைய எங்கேயும் தூக்கிட்டு வராத.”

“சரிப்பா, சரிப்பா. இவ்வளவு கெஞ்சணுமா? நாளைக்கே கிளம்பி வான்னா எப்படி? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இருக்கு.”

“வராதன்னு சொல்றேன்!”

“அய்யோ, சந்தோஷத்துல கத்தாதீங்கப்பா. சனிக்கிழமை வந்துடுவேன்.” சிரித்துவிட்டு வைத்தாள்.

மனைவியின் போனிலிருந்தும் மகளைக் கூப்பிட்டார். அதே சிரிப்பு. அதே பதில். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். தன் போனிலும் திறந்து வைத்திருந்த அந்தப் பட்டியலைப் பார்த்தார். நான்கு வரிகள் மங்கின. ஐந்தாவது பச்சையாகவே எரிந்தது.

“மாமா, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. முதல் நாள் அப்படித்தான் மக்கர் பண்ணும், போகப் போகச் சரியாயிடும்,” என்று மைத்துனர் வண்டிச் சாவியை எடுத்தார். “கூரியர்ல ஏதோ அனுப்பணும்னீங்களே? ஆறு மணிக்குப் பூட்டிடுவான்.”

நடந்ததைச் சொன்னால் இவன் வீடு போய்ச் சேரும்வரை சிரிப்பான். எழுத்தர் தாளை எடுத்தார். காகிதத்துக்குள் எந்தக் கருவியும் நுழைய முடியாது. நிதானமாக, தேதி போட்டு, எழுதினார்:

‘அன்பு மகளுக்கு. இந்த வீட்டிலிருந்து போனில் எது வந்தாலும் நம்பாதே. என் குரலாக இருந்தாலும் நம்பாதே. என் கையெழுத்தை மட்டும் நம்பு.’

அடுத்த வரிக்குப் பேனாவை வைத்தபோது மேலே ஒரு இருமல். தொண்டையைச் செருமி, இரண்டு தரம். அவர் இருமுவது போலவே.

மேலே இருக்கும் பெட்டியையும் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஏறினார். அறைக்கதவு திறந்திருந்தது. தொட்டில், துவைத்து மடித்த துணிகள். ஆள் இல்லை. ஆனால் அவருடைய தலையெண்ணெய் வாசனை. நாற்காலியைத் தொட்டார். சூடு.

பெட்டியைப் பிடுங்கினார். சுவர்ப் பூச்சோடு பிய்ந்து வந்தது.

அமைதி.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பட்டியல். ஐந்தாவது வரியில் இப்போது ‘மகள்’ இல்லை. ‘அப்பா’ என்றிருந்தது. ‘அப்பா போன்’ இருந்த இரண்டாவது வரி வெறுமை.

மாடிப்படியின் உச்சிக்கு ஓடிவந்தார். கீழே மேசை தெரிந்தது.

யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய சட்டை. அவருடைய வழுக்கை. பேனாவைப் பிடித்த விதம்கூட அவருடையது. தாள் நன்றாகத் தெரிந்தது. அவருடைய குண்டு எழுத்தில் அடுத்த வரி முடிந்திருந்தது: ‘சனிக்கிழமை தவறாமல் வா. குழந்தையை என் கையிலேயே கொடு.’ அடியில் கோடு. அவர் போடும் கோடு.

கத்தினார். வாய் திறந்தது. குரல் வரவில்லை. கைப்பிடியை அறைந்தார், மறுபடி அறைந்தார்.

“மாடியில என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்ல. காத்துல வயர் ஆடுது,” என்றது கீழே இருந்தது.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நேராக அவரை. பிறகு, அங்கே யாரும் இல்லாததுபோல, ஊசியில் நூல் கோத்தாள்.

தாள் மடிந்தது. உறைக்குள் போனது. நாக்கு வெளியே வந்து உறையின் ஓரத்தை நக்கியது. நிதானமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. கட்டைவிரல் அழுத்தி ஒட்டியது.

“பத்திரம்ப்பா. பொண்ணுக்கு.”

“நான் பாத்துக்கறேன் மாமா.”

மைத்துனர் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்பியது.