இனிப்பை மூடியவர்கள்

காலை வேலைக்குக் கிளம்புமுன் ஐசக் துரை கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டான். தூத்துக்குடியில் அந்த நேரத்துக்குப் பாதி ஊர் அப்படித்தான் நிற்கும். நாக்கின் மேல் சாம்பலும் நீலமும் கலந்த மினுக்கம் ஒரே சீராக இருந்தால் மூடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தால் மருந்துக்கடையில் தெளிப்பான் வாங்கி அடித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை எப்படியும் அடித்தாக வேண்டும்.

அதன் முழுப்பெயர் நாமூடி. மருந்து என்று பேச்சுக்குச் சொன்னாலும் அது உயிருள்ள பொருள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுண்ணுயிர்கள் நாக்கின் மேல் மெல்லிய ஏடாகப் படர்ந்து, இனிப்பை உணரும் மொட்டுகளை மட்டும் மூடிவிடும். உப்பு, புளிப்பு, காரம், கசப்பு எல்லாம் பழையபடியே தெரியும். லட்டைக் கடித்தால் மட்டும் நெய் வடியும் ஈரமண்ணைக் கடித்தது போலிருக்கும். தேன் வெறும் பசை. 'சீனியைக் குறைக்க வேண்டாம், இனிப்பைக் குறையுங்கள்' என்று பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் எழுதியிருந்தார்கள். எழுதிய சில வருடங்களில் இனிப்புக் கடைகள் ஒவ்வொன்றாக ஊறுகாய்க் கடைகளாகவும் காரவகைக் கடைகளாகவும் மாறிப் போயின.

ஐசக்குக்குத் துறைமுகத்தில் வேலை. ஆளில்லாக் கப்பல்களைத் திரையில் பார்த்துப் பார்த்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உட்கார்ந்தே செய்யும் வேலையில் உடம்பு ஊதிக்கொண்டே போனது. படியேறினால் முழங்கால் அழுதது. சீனியைக் குறைத்துப் பார்க்காமல் இல்லை. காலையில் கசக்கக் கசக்க டீ குடித்துவிட்டு, சாயங்காலம் பேக்கரி வாசலில் போய் நிற்பான். நின்றதற்காக இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வான். மூடி போட்ட பிறகு அந்தச் சண்டையே இல்லாமல் போயிற்று. ஒரு வருடத்தில் சட்டைகள் தொளதொளத்தன.

"இருந்தாலும் மச்சான், நாக்கை எதுக்குப் பூட்டணும்? கையைக் கொஞ்சம் அடக்கினாப் போதாதா?" என்று ஒருநாள் கேட்டான் தங்கை பியூலாவின் கணவன் சாம்ராஜ்.

"நீ ஒல்லியாப் பொறந்தவன் மாப்ள. உனக்கு அந்தப் பாடு தெரியாது" என்று சிரித்து முடித்தான் ஐசக்.

பியூலாவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பெண்குழந்தை பிறந்தது. எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக, "அண்ணே, நீதான் சேனை தொட்டு வைக்கணும்" என்றாள் பியூலா. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதெல்லாம் கூடாதென்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "ஒரு சொட்டுத்தானே, என்ன ஆயிரப்போவுது. இவரு மாதிரி முன்கோபம் வேண்டாம், உன்ன மாதிரிப் பொறுமையா வளரட்டும்" என்று கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டில் சீனி இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. சாம்ராஜ் எங்கோ அலைந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். ஐசக் கையைக் கழுவிவிட்டுக் கிண்ணத்தில் கரைத்தான். போதுமா என்று பார்க்க விரலை முக்கித் தன் நாக்கில் வைத்தான். பிறகு அதே விரலை மறுபடி முக்கிக் குழந்தையின் நாக்கில் தொட்டான். எஸ்தர் கண்ணை மூடியபடியே சப்புக்கொட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த சில நாட்களில் குழந்தை பால் குடிப்பது குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. மார்பில் வைத்தால் ஒரு வாய் உறிஞ்சுவாள், முகத்தைச் சுளிப்பாள், நாக்கால் வெளியே தள்ளுவாள். பசியில் வீறிட்டு அழுவாள். மறுபடி வைத்தால் மறுபடி தள்ளுவாள்.

"குடிக்க மாட்டேங்கா அண்ணே, என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்புதா" என்று போனில் பியூலா அழுதபோது ஐசக் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தை மருத்துவர் நஸ்ரின் பானு எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டுக் களைத்துப்போயிருந்தார். "உடம்புல ஒரு கோளாறும் இல்ல. இதைப் பால்மறுப்புன்னு சொல்றோம். சமீபமாத்தான் நிறைய வருது. நரம்பு சம்பந்தப்பட்டதா இருக்கும்னு நினைக்கிறோம். அம்மா பதற்றமா இருந்தாலும் வரலாம்."

பியூலா தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாதவள் என்று வந்து பார்த்தவர்கள் எல்லாம் வேறு வேறு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது டாக்டரும் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் குழந்தை வாயைத் திறந்து அழுதது. ஜன்னல் வெயில் நேராக வாய்க்குள் விழுந்தது. ஐசக் அதைப் பார்த்தான். அந்தச் சின்ன நாக்கின் மேல் சாம்பலும் நீலமும் கலந்து, ஓரம் வரை ஒரே சீராக ஒரு மினுக்கம்.

தினமும் காலையில் பார்க்கிற மினுக்கம் அது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், பிள்ளை நாக்கைப் பாருங்க" என்றான். டாக்டர் குனிந்து பார்த்தார். "மாவு படிஞ்சிருக்கும். சில பிள்ளைங்களுக்கு..." என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவருக்கு முன்னால் ஐசக் தன் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றான்.

டாக்டர் இரண்டு நாக்குகளிலும் பஞ்சால் தடவி எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ஐசக்கைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒருத்தர்ட்ட இருந்து இன்னொருத்தருக்குப் பரவாதுன்னு அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கே டாக்டர்?"

"பெரியவங்களுக்குப் பரவாது. நம்ம வாய்ல ஏற்கெனவே கோடிக்கணக்குல நுண்ணுயிர் குடியிருக்கு. இது உள்ள வந்தா அதுங்க விரட்டிக்கிட்டே இருக்கும். அதனாலதான் மாசாமாசம் அடிக்கிறோம். ஆனா பொறந்த பிள்ளை வாய் காலி வீடு. மொதல்ல போறது எதுவோ அதுக்குத்தான் வீடு. உங்களுக்கு இது விருந்தாளி. அவளுக்கு இதுதான் சொந்தக் குடி."

"எடுத்துர முடியாதா?"

"இப்ப முடியாது. இதைக் கொல்ற மருந்து குடுத்தா, அவளுக்கு வேண்டிய எல்லாமே சேர்ந்து போயிரும். இந்த வயசுல அது ஆபத்து. வளர்ந்த பிறகு முடியுமான்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியாது."

"நான் சீனியை விட முடியாமத்தான் இதப் போட்டேன். பாலுக்கும் இதுக்கும் என்ன டாக்டர்?"

டாக்டர் அவனைப் பார்த்தார். "தாய்ப்பால் எவ்வளவு இனிப்புன்னு நாமெல்லாம் மறந்துட்டோம். பொறந்த பிள்ளைக்குப் பால்னு தெரியாது, அம்மான்னு தெரியாது. இனிப்பு ஒண்ணுதான் தெரியும். அத நம்பித்தான் குடிக்குது. அது இல்லன்னா வாயில வர்றது என்னன்னே அதுக்குப் புரியாது." சொல்லிவிட்டு அடுத்த வார்டுப் பக்கம் திரும்பினார். மூக்கில் குழாயோடு மூன்று தொட்டில்கள் அங்கே இருந்தன. "அந்தப் பிள்ளைங்களுக்கு முத்தம் குடுத்தது யாரு யாருன்னு இனிமேத்தான் கேக்கணும். அந்த அம்மாமார்கிட்ட எல்லாம் நான் என்ன சொல்லிவெச்சிருக்கேன் தெரியுமா?" என்று கேட்டார்.

பியூலாவிடம் ஐசக்தான் சொன்னான். வேறு யாரும் சொல்லக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. அவள் முழுதும் கேட்டாள். அழவில்லை. பிறகு, "அந்தத் தண்ணிய நக்கிப் பாத்தியா?" என்றாள்.

"இனிப்புச் சரியா இருக்கான்னு..."

"உனக்குத்தான் தெரியாதே, அண்ணே."

அவளுடைய கை எழுந்து குழந்தையின் மேல் துணியை இழுத்துவிட்டது, அவன் பார்வை அதன்மேல் பட வேண்டாம் என்பது போல.

எஸ்தர் பிழைத்துக்கொண்டாள். குழாயை எடுத்த பிறகு பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். ஒரு வேளைப் பால் உள்ளே போவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். பாதி வெளியே வரும். பியூலாவின் பால் வற்றியது. ஐசக் வேலை முடிந்து தினமும் நேராக அங்கேதான் போனான். முதலில் வாசலோடு அனுப்பினாள். பிறகு ஒருநாள் தூக்கம் தாங்காமல் பாலாடையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சாயங்கால வேளை அவனுடையதாயிற்று. முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் புகட்டுவான்.

தெளிப்பானை அவன் மறுபடி தொடவில்லை. மினுக்கம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி ஒருநாள் காணாமல் போனது. அன்று மத்தியானம் வெறும் சோற்றை மென்றுகொண்டிருந்தவன் திடுக்கிட்டு நிறுத்தினான். சோறு இனித்தது. வெங்காயம் இனித்தது. பேக்கரி வாசம் பழையபடி தெருமுனை வரை வந்து கையைப் பிடித்து இழுத்தது. டீயில் அரைக் கரண்டியோடு நிறுத்துவதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. சில நாட்கள் நிறுத்தினான், சில நாட்கள் தோற்றான். எடை கொஞ்சம் ஏறிற்று. அந்தச் சண்டையை நாமே போட்டிருக்க வேண்டும், பிள்ளையின் தலையில் கட்டிவிட்டோம் என்ற எண்ணம் ஒவ்வொரு மிடறிலும் இருந்தது.

நஸ்ரின் பானு இதைப் பற்றி எழுதிய அறிக்கை செய்தியானது. மூடி போட்டவர்கள் கைக்குழந்தைகளுக்கு முத்தம் கொடுக்கக்கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. ஊரெல்லாம் பதறும், தெளிப்பான்களைத் தெருவில் போட்டு மிதிக்கும் என்று ஐசக் நினைத்தான். அவன் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பியூலாவின் வீட்டுக் கதவை ஒரு இளம் தம்பதி தட்டினார்கள். நல்ல உடை, மரியாதையான பேச்சு. அந்தப் பெண்ணின் கையில் துணி சுற்றிய குழந்தை. ஆஸ்பத்திரியில் விசாரித்து வருகிறோம் என்றார்கள். இதே துன்பத்தில் தவிப்பவர்கள் போல என்று ஐசக் அவசரமாக நாற்காலி எடுத்துப் போட்டான்.

"பிள்ளை பால் குடிக்குதாம்மா?" என்று கேட்டான்.

"நல்லாக் குடிக்கான் அண்ணே. அதான் கவலை" என்றாள் அவள்.

ஐசக்குக்குப் புரியவில்லை. கணவன் எடுத்துச் சொன்னான். "எங்க ரெண்டு வீட்லயும் குண்டு உடம்புதான். எங்க அப்பாவுக்குச் சீனி வியாதியில காலை எடுத்தாச்சு. இவ சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல பட்ட அவமானம் கொஞ்சமில்ல. ரெண்டு பேரும் மூடி போட்டிருக்கோம். இவனுக்கும் வரட்டும்னு முத்தம் குடுத்துப் பாத்தோம், ஒட்டல. உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஒட்டியிருக்குன்னு சொன்னாங்க. அவ எச்சில் ஒரு துளி கிடைச்சாப் போதும். பிள்ளை பிள்ளைக்குக் குடுத்தா ஒட்டிக்கும்னு சொல்லுதாவ."

ஐசக் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். இவர்கள் பைத்தியங்கள் இல்லை. கொடியவர்களும் இல்லை. பேக்கரி வாசலில் நின்ற நாட்களில் அவனிடம் யாராவது இப்படி ஒரு வழி சொல்லியிருந்தால் அவனும் தலையாட்டியிருப்பான். அதுதான் அவனை உலுக்கியது.

அறைக்குள்ளிருந்து பியூலா குழந்தையோடு வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கத்துவாள் என்று ஐசக் பயந்தான். அந்தப் பெண்ணோ எழுந்து ஆசையாக எஸ்தரின் குச்சிக் கையைத் தொட்டு, "எவ்வளவு ஒல்லியா, அழகா இருக்கா" என்றாள். அவள் கண்ணில் பொய் இல்லை.

அதற்குள் அவள் கையிலிருந்த பையன் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

"மொதல்ல பிள்ளைக்குப் பால் குடும்மா" என்றாள் பியூலா.

அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. வேறொரு சத்தம் தொடங்கியது. பையன் மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம். மூச்சு வாங்க நிறுத்தி, முனகி, எங்கே ஓடிவிடுமோ என்று மறுபடி பாய்ந்து குடிக்கிற சத்தம். வீடு முழுக்க அது மட்டும்தான் கேட்டது.

பியூலா நின்ற இடத்திலேயே நின்றாள். தன் வீட்டில் கேட்டிராத அந்தச் சத்தத்தை அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. சேலையின் முன்புறம் மெல்ல நனைந்தது. வற்றிவிட்டதென்று அவள் நினைத்திருந்த பால்.

சுவர்ப்பக்கம் இருந்தவள் தலையைத் திருப்பி அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு தன் மடியைப் பார்த்தாள். பையன் குடித்து முடித்து உதட்டோரம் பால் வழியத் தூங்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பையனை மார்போடு இறுக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.