பூமயில் அடைத்த வாய்க்கால்

கோழிக்கூடு ஓடைக்குள் விழுந்த அன்று பூமயில் பள்ளிக்கூடம் போகவில்லை.

விடிந்ததும் கொல்லைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடு இருந்த இடத்தில் வெறும் பள்ளம். இரவு பெய்த மழையில் ஓடைக்கரை பெரிதாகச் சரிந்து விழுந்திருந்தது. கீழே கலங்கல் தண்ணீரில் கூட்டின் தகரம் மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது. முருங்கை மரத்தில் அடைகிற இரண்டு கோழிகள் தப்பிவிட்டன. கூட்டுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த கருங்கோழி தப்பவில்லை.

பூமயில் அழவில்லை. அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும்.

“அய்யா! இங்கன வந்து பாருங்க!”

அவளுடைய அய்யா வீரையா வந்து பார்த்தார். கரைக்கும் சமையல்கட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவு இடம்தான் மிச்சம் இருந்தது.

“இன்னும் ரெண்டு மழை பேஞ்சா அடுப்படி போயிரும். சாமான் சட்டியைக் கட்டிக்கிட்டு வேற ஊருக்கே போயிர வேண்டியதுதான்” என்றார்.

“நாம எதுக்குப் போகணும்? ஓடையா நம்ம வீட்டுக்கு வந்துச்சு? அந்த வாய்க்கால் தண்ணியைக் கொண்டுவந்து விட்டவங்க போகட்டும்!”

உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற வழியில் இருந்த அந்தத் தெருவுக்கு அந்தக் கோடையில்தான் சிமெண்டு வாய்க்கால் வந்தது. அதற்கு முன்பெல்லாம் மழை பெய்தால் தண்ணீர் தெருவில் நிற்கும். மெல்ல மெல்ல மேலத் தெரு ஊருணிக்குள் வடியும். இப்போது அப்படி இல்லை. தெருத் தண்ணீர் முழுவதும் வாய்க்காலில் விழுந்து, ஊருணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குதித்துக்கொண்டு ஓடிவந்தது. பூமயில் வீட்டுக் கொல்லையோடு வாய்க்கால் முடிந்தது. அங்கிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே விழுந்து, கரை மண்ணை வாரிக்கொண்டு கடலுக்குப் போனது.

வீரையா இரண்டு முறை போய்ச் சொல்லிவிட்டார். வாய்க்கால் கட்டிய காண்ட்ராக்டர், “தண்ணியை ஓடை வரைக்கும் கொண்டுபோறதுதான் எங்க வேலை. அது முடிஞ்சிருச்சு” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பூமயில் மேலத் தெருவுக்கு விறுவிறுவென்று நடந்தாள். ஊருணிக்கு எதிரே வெள்ளையம்மாள் அத்தை வீடு. அத்தை வாசலில் உட்கார்ந்து குண்டு மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“அத்த, எங்க கோழிக்கூடு ஓடைக்குள்ள போயிருச்சு. நீங்க எல்லாரும் வந்து கேட்டாத்தான் வாய்க்காலைச் சரிபண்ணுவாங்க.”

“வாய்க்காலுக்கு என்னடி குறை? இந்த வருசந்தான் நாங்க கால்ல சேறு படாம நடக்கோம். ஒங்க கரை சரிஞ்சா அதுக்கு நாங்க என்ன செய்ய?”

அத்தை அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மிளகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பூமயிலுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது அவளுடைய தோழி நஸீரா எதிரே வந்தாள்.

“என்னடி, மூஞ்சி மிளகாப் பழமாட்டம் இருக்கு?”

“நஸீரா, நாலு உரச்சாக்கு எடுத்துக்கிட்டு வா. மண்ணு அள்ளணும்.”

“எதுக்கு?”

“வாய்க்காலை அடைக்க.”

நஸீராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வேணாம்டி! எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வலையில சுருட்டிக் கடல்ல போட்டுருவாக!”

“நீ சாக்கைப் பிடிச்சாப் போதும். அடைக்கிறது நான்.”

மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், ஊருணியை ஒட்டி வாய்க்காலுக்குள் நான்கு மண் சாக்குகள் இறங்கின. சாயங்காலம் வானம் கறுத்தது. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

பூமயில் கொல்லையில் நின்று பார்த்தாள். வாய்க்கால் முனையிலிருந்து நூல் போலத்தான் தண்ணீர் விழுந்தது. கரை அசையவில்லை. “அப்படித்தான்!” என்று கையைத் தட்டினாள்.

அப்போது மேலத் தெருவிலிருந்து கூச்சல் கேட்டது.

அவள் நனைந்துகொண்டே ஓடினாள். வாய்க்கால் பொங்கி, வெள்ளையம்மாள் அத்தை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பானைகள் மிதந்தன. அத்தை முழங்கால் தண்ணீரில் நின்று மிளகாய் மூட்டையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூட்டையின் அடிப்பக்கம் நனைந்து, தண்ணீரில் சிவப்புச் சாயம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடப் பாடு அது.

பூமயில் ஓடிப்போய் மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தம் பிடித்து அதைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். அடுத்த நொடி அவள் வெளியே பாய்ந்து, வாய்க்காலுக்குள் கையை விட்டுச் சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். கடைசிச் சாக்கு வந்ததும் தண்ணீர் ஹோவென்று கீழ்நோக்கி ஓடியது.

அதற்குள் தெருவே கூடிவிட்டது.

“நீயா அடைச்ச?” அத்தை கத்தினாள். “பொம்பளப்பிள்ளையா நீ? என் வீட்டை முக்கிட்டியேடி!”

“ஆமா, நான்தான் அடைச்சேன்! தப்புத்தான்!” பூமயிலும் கத்தினாள். மழைச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது. “ஒங்க மூட்டை நனைஞ்சதுக்கு என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா எங்க கருங்கோழி செத்ததுக்கு நான் யாரைத் திட்ட? கொஞ்ச நேரம் நின்ன தண்ணிக்கே இப்படிக் கத்துறீங்களே, மழைக்கு மழை இந்தத் தண்ணி பூராவும் எங்க வீட்டைத்தான் தின்னுது. யாராச்சும் வந்து எட்டிப் பாத்தீங்களா?”

வெள்ளையம்மாள் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஏடி பூமயிலு, அங்கன பாரு” என்று நஸீரா கையை நீட்டினாள்.

வாய்க்காலின் அந்தப் பக்கம் ஊருணி. கோடையில் வெடித்துக் கிடந்த அதன் தரையில் இப்போது தண்ணீர் மின்னியது. வாய்க்கால் பொங்கியபோது பாதி தெருப் பக்கமும் பாதி ஊருணிப் பக்கமும் வழிந்திருக்கிறது. எங்கிருந்தோ ஒரு தவளை அதற்குள் கத்தவும் ஆரம்பித்துவிட்டது.

பூமயில் வாய்க்கால் சுவரைப் பார்த்தாள். ஊருணியைப் பார்த்தாள். கோபத்தில் சிவந்திருந்த அவள் கண்கள் அகலமாகின.

“இந்தச் சுவரு இல்லாட்டித் தண்ணி பழையபடி ஊருணிக்குத்தான போகும்? முழுசா ஒடைக்க வேணாம். ஊருணிப் பக்கம் அடியோட ஒரு ஓட்டை போட்டாப் போதும். ஊருணி நெறஞ்ச பிறகு மிச்சம் ஓடைக்குப் போகட்டும்!”

“தெருக் குப்பை எல்லாம் ஊருணிக்குள்ள வந்துருமே?” என்றாள் அத்தை.

“எங்க வாப்பாகிட்ட கிழிஞ்ச வலை கெடக்கு” என்றாள் நஸீரா. “ஓட்டையில கட்டிவிட்டா குப்பை வெளியவே நின்னுரும். நாம அள்ளிப் போட்டுறலாம்.”

மறுநாள் மழை விட்டிருந்தது. வீரையா கடப்பாரையோடு வந்தார். முதல் குத்து நான்தான் குத்துவேன் என்று பூமயில் அதைப் பிடுங்கிக்கொண்டாள். காண்ட்ராக்டரை நினைத்துக்கொண்டு ஓங்கிக் குத்தினாள். சிமெண்டில் கீறல்கூட விழவில்லை.

“தள்ளுடி. ஒனக்குக் கடப்பாரையைத் தூக்கவே ஏலல” என்று வெள்ளையம்மாள் அத்தை வந்து வாங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் குத்திய குத்தில் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

நஸீராவின் வாப்பா சதக் ஓட்டையில் வலையைக் கட்டினார். மகளை அதில் சுருட்டவில்லை. உடைந்த சிமெண்டுக் கட்டிகளை யாரும் குப்பையில் போடவில்லை. பிள்ளைகள் தலையில் சுமந்து போய், வாய்க்கால் முனையில் தண்ணீர் விழுகிற இடத்தில் அடுக்கினார்கள். இனி விழுகிற தண்ணீர் மண்ணைத் தோண்டாமல் கல்லில் விழுந்து நிதானமாகப் போகும்.

இரண்டு நாள் கழித்து மோட்டார் சைக்கிள் வந்தது.

“யாரு வாய்க்காலை ஒடைச்சது?” என்று காண்ட்ராக்டர் உறுமினார்.

“நாங்கதான்” என்றாள் பூமயில். “எங்க கொல்லையைப் பாத்துட்டு வந்து திட்டுங்க.”

அவர் முறைப்பாக வந்து கரை ஓரத்தில் நின்றார். ஈரமண் அவர் பாரத்தைத் தாங்கவில்லை. சர்ரென்று சறுக்கி, பளபளத்த செருப்போடு இடுப்பு வரை ஓடைக்குள் இறங்கிவிட்டார். வீரையா கைகொடுத்து மேலே இழுத்தார்.

காண்ட்ராக்டர் சேற்றைத் துடைத்தார். அடுப்படிச் சுவரையும் அதன் அருகே வந்துவிட்ட கரையையும் வெகுநேரம் பார்த்தார். “இந்தக் கரைக்குக் கல்லு கட்டணும்” என்று முணுமுணுத்தார்.

“எப்ப?” என்றாள் பூமயில்.

“சொல்றேன்…”

“எப்ப?”

மறு வாரமே ஒரு லாரி கல் வந்து இறங்கியது.

கார்த்திகை பாதியில் ஊருணி நிறைந்து ததும்பியது. கரையில் உட்கார்ந்து பூமயிலும் நஸீராவும் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். நடுத்தண்ணீரில் வெள்ளையம்மாள் அத்தையின் எருமை மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு சுகமாகக் கிடந்தது.

“ஏ பூமயிலு!” கரையில் நின்று அத்தை கத்தினாள். “எல்லாம் ஒன்னாலதான்! காலையில தண்ணிக்குள்ள எறங்குனது, பால் கறக்க வரமாட்டேங்குது!”

“அதுகிட்ட நானே கோவமாப் பேசிக் கூட்டிட்டு வாரேன், அத்த!” என்று பூமயில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தொபுக்கென்று தண்ணீருக்குள் குதித்தாள்.