கங்காணியின் நெஞ்சுத் துடிப்பு

அப்புத்தளையில் ஏறும்போதே நல்ல மழை. பதுளை பஸ்ஸில் நிற்கத்தான் இடம். முன் சீட்டில் ஒருவன் தடித்த புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்க, கலாராணிக்கு வந்ததே கோபம்...

"ஏங்க, கை வெளங்காத மனுசன் நிக்கிறாரு. கண்ணு தெரியலையா?"

அவன் பதறி எழுந்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கவனிக்கேல்ல."

யாழ்ப்பாணத்துப் பேச்சு. தூக்கம் கெட்ட பெரிய கண்கள்... திட்ட வந்தவளுக்கு அடுத்த வார்த்தை மறந்துபோனது. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் அப்பா மாரிசாமி கங்காணி மட்டும் நிம்மதியாக உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் அதே கண்கள், டொக்டர் நாற்காலியில். புதிதாக வந்த டொக்டர் புவனேந்திரனாம். தோட்டப் பாடசாலையில் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற கலாராணி டீச்சருக்கு அன்றைக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் விடவில்லை.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசமாச்சு. ஏன் வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. குடிப்பாரான்னு மட்டும் கேக்குறாங்க. தேத்தண்ணியத் தவிர எதையும் தொடமாட்டாரு."

"நான் கேட்கேல்லையே..." என்று சிரித்துவிட்டு, பொறுமையாக விளக்கினான். "எங்கயோ இருந்து ஒரு இரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கு. எங்க இருந்தெண்டுதான் தெரியேல்ல. கழுத்து நாளத்தில அடைப்பில்லை. இதயத்தில பிறவி ஓட்டை இருக்கலாம், பெருநாடியில கொழுப்புப் படிஞ்சிருக்கலாம். எனக்கெண்டா, இதயம் இடைக்கிடை தாளம் தப்புதோ எண்டு சந்தேகம். அப்பிடியெண்டா மருந்து வேற. அதைப் பிடிக்காமல் விட்டா இன்னொருக்கா வரலாம். அப்ப பேச்சும் நடையும் போயிடும்."



இருபத்துநான்கு மணிநேரம் துடிப்பைப் பதிகிற மெஷின் ஒன்றைக் கண்டியிலிருந்து வரவழைத்து, அடுத்த கிழமையே கங்காணியின் நெஞ்சில் மாட்டினான். ஒட்டு கழன்றால் எப்படி ஒட்டுவது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தபோது விரல்கள் பட்டும் படாமலும்... சே, அப்பாவுக்கு மெஷின், எனக்கேன் படபடக்கிறது என்று அவள் தன்னையே கடிந்துகொண்டாள். மேலதிக ஒட்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. எல்லாம் சரியாம்.

"எப்பிடிங்க சரியா இருக்கும்? காலையில மேட்டுல ஏறுறப்ப நெஞ்சு தாறுமாறா அடிக்குதுன்னு அவரே சொல்றாரு."

"மெஷின் பொய் சொல்லாது, டீச்சர்."

"அப்ப எங்கப்பா பொய் சொல்றாரா?"

அவன் முகம் இறுகியது. இவளும் விறுக்கென்று வெளியே வந்துவிட்டாள். பெரிய டொக்டர்... கண் மட்டும் அழகாயிருந்தால் போதுமா?

அன்று சாயந்திரம் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குட்டு உடைந்தது. ரொட்டி தட்டிக்கொண்டே அம்மா பெரியாயி சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல நெஞ்செல்லாம் வயரோட நின்னா, ஒடம்புக்கு முடியலன்னு தொரை பேர வெட்டிருவாருன்னு ஒங்கப்பா கழட்டி வச்சிட்டுப் போயிட்டாரு. நீயும் ஸ்கூலுக்குப் போயிட்ட. டொக்டரு குடுத்த மெஷின சும்மா போட்டு வைக்கலாமா? அவரு வர்ற வரைக்கும் நான்தான் மாட்டிக்கிட்டு இருந்தேன்."

கலாராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த ஆளிடம் போய் இதைச் சொல்வதைவிட மலையிலிருந்து உருண்டுவிடலாம். ஆனால் அப்பா... இடது கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்னும் அப்பாவைப் பார்த்தாள். மானமாவது மண்ணாவது. மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய் இறங்கினாள்.

"அந்தக் காலை நேரத்துத் துடிப்பு அப்பாவோடது இல்லீங்க. அம்மாவோடது."

அவன் ரிப்போர்ட்டை எடுத்து இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள்... பக்கத்து அறை நர்ஸே எட்டிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு அருமையான இதயம். தனியா ரிப்போர்ட் எழுதித் தாறன்." சிரிப்பு அடங்கியதும் குரல் தணிந்தது. "பிழை என்னிலதான். மூண்டு மணித்தியாலம் அலையின்ர வடிவம் மாறியிருந்ததைக் கண்டனான். உங்களோட கோவத்தில திரும்பப் பார்க்கேல்ல. அப்பிடி விட்டிருக்கக்கூடாது."

இப்படி ஒப்புக்கொள்ளத் தெரிந்தவனை எப்படி வெறுப்பது?

இரண்டாம் தடவை மெஷினை மாட்டும்போது கங்காணியிடம் அவனே பேசினான். வயர் எல்லாம் கோட்டுக்குள் மறைந்தது. கங்காணி கம்பீரமாகப் பெரட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூடுபனிக்குள் குடை பிடித்துக்கொண்டு புவனேந்திரன் லயத்துக்கே வந்து நின்றான். அத்தனை வாசல்களிலும் தலைகள் முளைத்தன.

"பிடிச்சிட்டம். காலமை ஆறு இருபதுக்கு, மேடு ஏறேக்க, பதினொரு நிமிஷம் தாளம் தப்பியிருக்கு. நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ, மருந்தை மாத்துவம். இனிப் பயப்பிட வேண்டாம்."

அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நாளைக்கிக் கிளினிக்லயே சொல்லியிருக்கலாமே..." என்றாள்.

"சொல்லியிருக்கலாம். அதுக்காக மட்டும் வரேல்ல." குடைக்காம்பை இறுகப் பிடித்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கலாராணி. சண்டை பிடிக்கேக்கயும்."

"இது லயத்து வீடு, டொக்டர். ஒங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"அம்மாவோட கதைச்சனான். முதல்ல அழுதவ. பிறகு உங்கட பேரைக் கேட்டவ."

"சொன்னீங்களா?"

"சொன்னனான்."

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று கலாராணி நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் ஒங்களப் புடிச்சிருக்கு. அப்பா உள்ளதான் இருக்காரு. வந்து கேளுங்க."