உறைக்குள் நின்ற நீலக் கார்

மழை பத்து நாளாக விடவில்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சோதித்து ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் சர்வேயர் அம்மாளின் வீட்டுக் கூடத்தில் நின்ற பெண்ணுக்குக் கையிலிருந்த குடையை மடக்கக்கூடத் தோன்றவில்லை. அவள் ஒரு டாக்ஸிக்காரரின் மனைவி.

"நாளைக்குப் போலீஸ் காவல் முடிஞ்சு அவரைத் திரும்பக் கோர்ட்ல நிறுத்தப்போறாங்க மேடம். நீங்களும் முடியாதுன்னுட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"உட்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு."

பதினொரு நாளைக்கு முன், சாயங்காலம் சைக்கிளில் வந்த ஒரு நர்ஸை, வளைவில் ஏதோ ஒரு நீலக் கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நர்ஸ் இன்னும் கண் திறக்கவில்லை. டாக்ஸியும் நீலம், அதன் இடது முன்பக்கம் நசுங்கியிருந்தது; அதனால் மறுநாளே போலீஸ் டாக்ஸிக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"அது போன மாசமே கேட் தூண்ல இடிச்சது மேடம். சொன்னா யார் நம்புறாங்க? தெருவுல எல்லாரும் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துறாங்க."

கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாளின் கொழுந்தன் தபால்காரர். அந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத வாசல் கிடையாது. அண்ணி ஒரு விசாரணையைக் கையில் எடுத்தால் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவார்.

"அண்ணி, அதே தெருவுல இன்னொரு நீலக் கார் இருக்கு. மரப்பட்டறைக்காரரோடது. ஆனா ரெண்டு மாசமா கவர் போட்டே கிடக்குதாம். போலீஸும் பார்த்துட்டு விட்டுட்டாங்க."

"கிடக்குதாம்னா? நீ பார்த்தியா?"

"காலையில தபால் போடும்போது கவரைப் பார்ப்பேன். உள்ள என்ன இருக்குன்னு நான் எங்க கண்டேன்?"

"சரி, நாம போய்ப் பார்க்கலாம்."

பட்டறையின் பக்கவாட்டில், கூரையில்லாத இடத்தில் கார் நின்றது. உறையின் மேல்பகுதி குழிந்து, அதில் ஒரு குடம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பட்டறைக்காரர் தயங்காமல் உறையை உருவினார். உள்ளே இருந்து ஈரமும் புழுக்கமும் கலந்த வாடை அடித்தது.

"நல்லாப் பாருங்க" என்று இடது மட்கார்டைக் காட்டினார். அரிசிமணி அளவில் கொப்புளங்கள். நடுவே பாலாடை போல வெள்ளை படர்ந்திருந்தது. உறைத் துணியின் நெசவு அப்படியே பெயிண்டில் பதிந்திருந்தது. "ரெண்டு மாசம் அசைக்காம மூடி வெச்சதுல ஈரம் செஞ்ச வேலை. ஓட்டுற வண்டியா இருந்தா இப்படி ஆகுமா? இதைக் காட்டித்தான் போலீஸையும் அனுப்பினேன்."

தபால்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. டாக்ஸிக்காரரின் மனைவி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாள் கைக்குட்டையால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, காரின் கூரை, பானெட், நான்கு கதவுகள், டிக்கி என்று ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"இந்த மட்கார்டுக்கு எப்பவாவது பெயிண்ட் அடிச்சீங்களா?"

"இல்லவே இல்ல. கம்பெனி பெயிண்ட். வாங்கினதுலேர்ந்து கை வெக்கல."

"இடது விளக்கை மட்டும் நல்லாத் தொடைச்சிருக்கார் அண்ணி" என்றார் தபால்காரர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "வலதுபக்கம் மஞ்சளா மங்கிக் கிடக்கு."

அம்மாள் திரும்பிக் கொழுந்தனை ஒரு கணம் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார்.

அரைமணி நேரத்தில் எல்லோரும் பட்டறைக்குள் கூடினார்கள். அம்மாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், ஈரம் பெயிண்டைக் கெடுக்கும், அது உண்மை. இந்த உறைக்குள்ள அதிகமா ஈரம் எங்க இருந்திருக்கும்?"

"தண்ணி தேங்கின இடத்துல. கூரையில."

"கூரையில ஒரு கொப்புளம்கூட இல்ல. பானெட் வழவழன்னு இருக்கு. ஒரே மழை, ஒரே உறை. ஒரு மட்கார்டு மட்டும் ஏன் வெந்துபோச்சு?"

இன்ஸ்பெக்டர் வெளியே நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

"கம்பெனியில சூளையில வாட்டின பழைய பெயிண்ட் பத்து நாள் ஈரத்தைத் தாங்கும். புதுசா அடிச்ச பெயிண்டுக்குள்ள அதைக் கரைக்க ஊத்தின தின்னர் மிச்சம் இருக்கும். அது காத்துல ஆறணும். ஆறுறதுக்கு முன்னாலயே ஈர உறையைப் போர்த்தினா, கொப்புளிக்கும், வெளுக்கும். இளகின பெயிண்ட்ல துணியோட நெசவும் பதியும். இருபத்தாறு வருஷம் இதைத்தான் பார்த்திருக்கேன். கை வெக்கலன்னு அவர் சொன்னது பொய். என் கொழுந்தன் சொன்ன விளக்கும் தொடைச்சது இல்ல, புதுசா மாட்டினது."

தபால்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேசை நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கிற ஸ்ப்ரே துப்பாக்கி அதோ தொங்குது. வெளியில ஒரு மெக்கானிக்கும் தேவைப்படல. அவசரமா அடிச்சு, அவசரமா மூடிட்டார்."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அந்தத் துப்பாக்கியைக் கழற்றினார். அதன் மூக்கு நுனியில் நீலம் காய்ந்திருந்தது.

பட்டறைக்காரர் மரத்தூளைப் பார்த்தபடி சொன்னார்: "எழுந்துடுவாங்கன்னுதான் நெனச்சேன். கண்ணாடியில பார்த்தேன். எழுந்திருக்கல. அப்புறம் திரும்பிப் போகத் தைரியம் வரல."

"பதினொரு நாளா எங்க வாசலைத் தாண்டித்தானே போனீங்க?" என்றாள் டாக்ஸிக்காரரின் மனைவி. "என் பிள்ளைங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே?"

இன்ஸ்பெக்டர் பட்டறைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்.

கோர்ட் உத்தரவும் எழுத்து வேலையும் முடிந்து, சாயங்காலம் டாக்ஸிக்காரர் ஸ்டேஷன் படியிறங்கி வந்தார். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளத்துக் கிடந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சாவது நாள் நானும் உங்களைக் கேட்டுட்டேனே, நீங்கதானான்னு. எந்த மூஞ்சியோட உங்களை வீட்டுக்குக் கூப்பிடுவேன்?"

"கேட்டே. வலிச்சுது. ஆனா ஆறாவது நாளும் சாப்பாடு கொண்டு வந்தியே." பிறகு கேட்டார்: "அந்த நர்ஸம்மா கண்ணைத் திறந்தாங்களா?"

"இன்னும் இல்லங்க."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவங்க வீட்டு ஆளுங்க இத்தனை நாளா என்னைத்தான் சபிச்சிருப்பாங்க. நான் இல்லன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு வரலாம்."

அவள் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.